பாசஞ்சர்ஸ் ஆல்பம் உங்களுக்கு எப்படி அறிமுகமானது?

அயர்லாந்து ராக் குழுவான யூ டூவின் ரசிகர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஜோஷுவா ட்ரீ, அக்டுங் பேபி என்ற இரண்டு ஆல்பங்களையும் தாண்டிப் பேச்சு நகர்வதே அபூர்வம். நான் அதிகம் கேட்பது 1995 நவம்பரில் வந்த ‘ஒரிஜினல் சவுண்ட்டிராக்ஸ் 1’. அதில் குழுவின் பெயர் பாசஞ்சர்ஸ். போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன், லாரி மல்லன் என்ற அதே நால்வர்தான், ஆனால் அதுவரை தயாரிப்பாளராக இருந்த பிரையன் ஈனோ இதில் சரிசமமான ஐந்தாவது ஆள். யூ டூ பெயரில் வெளியிட ஐலண்ட் இசை நிறுவனம் தயங்கியதால்தான் வேறு பெயர் வந்தது என்பார்கள். எனக்கு அது நல்லதாகவே போனது என்று தோன்றுகிறது, ஏனென்றால் அந்தப் பெயர் இருந்திருந்தால் அரங்கம் அதிரும் பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்தே முழு ஆல்பத்தையும் ஓட்டியிருப்போம்.

ஒரு நண்பர் கொடுத்த சிடியில்தான் முதலில் கேட்டேன். முதல் துண்டில் பாடலே கிடையாது, தாளமும் மின்னணு ஒலிகளும் மட்டும். அப்புறம் ‘ஸ்லக்’. அதில் போனோ தனக்கு என்னவெல்லாம் வேண்டாம் என்று ஒரு பட்டியலையே அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டு போகிறார். அடுத்து வரும் ‘யுவர் ப்ளூ ரூம்’ என்னை அப்படியே உட்கார வைத்துவிட்டது. கடைசியில் ஆடம் கிளேட்டன் பாடாமல் வெறும் பேச்சாகச் சில வரிகள் சொல்வார். பேஸ் கிட்டாரைத் தாண்டி அவரிடம் எதையும் எதிர்பார்க்காத எனக்கு அது பெரிய ஆச்சரியம். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் ‘பியாண்ட் தி கிளவுட்ஸ்’ படத்துக்காகச் செய்த பாட்டு அது என்பது பிறகுதான் தெரிந்தது.

சிடியோடு வரும் குறிப்பேட்டையும் சொல்ல வேண்டும். பதினான்கு துண்டுகளுக்கும் பதின்மூன்று படங்கள், ஒவ்வொன்றுக்கும் இயக்குநர், கதைச் சுருக்கம் எல்லாம் இருக்கும், ஆனால் அவற்றில் பெரும்பாலான படங்கள் எடுக்கப்படவே இல்லை! குறிப்புகளை எழுதியவர்களில் ஒருவர் பெயர் சி.எஸ்.ஜே. போஃபோப். ஆங்கிலத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் முந்தைய எழுத்தைப் போட்டுப் பாருங்கள், பிரையன் ஈனோ வந்து நிற்பார். ஸ்டூடியோவிலும் திரையில் படக்காட்சிகளை ஓடவிட்டு, அதைப் பார்த்தபடியே எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். பாட்டெழுதி மெட்டமைக்கும் வழக்கமான வேலையை ஓரம் வைத்துவிட்டுக் காட்சிக்கு ஏற்ற சூழலை உண்டாக்கப் பார்த்திருக்கிறார்கள், அதனால்தான் பல துண்டுகள் பாதியில் நுழைந்து பாதியில் போவது போல இருக்கின்றன. எனக்கு அது குறையாகப் படவில்லை. நீங்கள் எங்கே கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.

*

நான் வந்த வழி ஜப்பான் அனிமே. ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தின் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்து முடித்து, பெயர்கள் ஓடும்போது ஒரு இசை அடித்துக்கொண்டு போனது, எழுந்திருக்க மனமே வரவில்லை. தேடினால் ‘ஒன் மினிட் வார்னிங்’, இந்த ஆல்பத்தில் உள்ளது. ஜப்பானியப் பதிப்பின் முடிவில் கென்ஜி கவாய் அமைத்த பாடல்தான் வரும், படத்தோடு பொருந்துவது அதுதான், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த ஆங்கிலப் பதிப்பு இல்லையென்றால் நான் யூ டூ பக்கமே வந்திருக்க மாட்டேன். என் அண்ணன் அவர்களைப் பல வருடமாகக் கேட்பவர், அவருக்கே இந்த ஆல்பம் தெரியாது. நான்தான் அவருக்குப் போட்டுக் காட்டினேன்.

*

எனக்கு ‘மிஸ் சரயேவோ’. போஸ்னியாவின் தலைநகரமான சரயேவோ போரில் முற்றுகையில் கிடந்தபோது, 1993இல், ஒரு நிலவறையில் அழகிப் போட்டி நடத்தினார்கள். எங்களைக் கொல்ல விடாதீர்கள் என்று எழுதிய பதாகையைப் போட்டிக்கு வந்த பெண்கள் மேடையில் பிடித்து நின்றார்கள். பில் கார்ட்டர் எடுத்த ஆவணப்படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது, பாட்டும் அந்தப் படத்துக்காகச் செய்ததே. நான் பாட்டை முதலில் கேட்டேன், படத்தைப் பிறகுதான் பார்த்தேன். பார்த்த பிறகு பாட்டே வேறாகிவிட்டது. போனோ முழுக்கத் தணிந்த குரலில் இதற்கு நேரம் இருக்கிறதா, அதற்கு நேரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வருகிறார், சட்டென்று ஓபரா பாடகர் பாவரோட்டி இத்தாலியனில் பாட ஆரம்பிக்கிறார். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும். தனக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று பாவரோட்டி போனோவின் வீட்டுக்கு விடாமல் போன் செய்துகொண்டே இருந்தாராம். போனோவின் அப்பா ஓபரா பைத்தியம் என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள், வீட்டில் அந்தப் போன் எப்படி ஒலித்திருக்கும்!

1997 செப்டம்பரில் யூ டூ குழுவினர் போர் முடிந்த சரயேவோவுக்கே போய் கோஷெவோ அரங்கத்தில் வாசித்தார்கள். அந்த நிகழ்ச்சியின் பதிவு கிடைத்தால் விடாமல் பாருங்கள்.

*

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். இந்த ஆல்பத்தைக் குழுவின் டிரம்மர் லாரி மல்லனுக்கே பிடிக்கவில்லை, சுவாரசியமான இசைக்கும் தங்கள் ஆசைக்கு மட்டும் வாசிப்பதற்கும் நடுவே உள்ள மெல்லிய கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘எல்விஸ் ஏட் அமெரிக்கா’ எல்லாம் ஸ்டூடியோவில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் ருசித்திருக்கும். கடைசி மூன்று துண்டுகளும் எனக்கு மனதில் நிற்கவே இல்லை. ஆனால் எட்ஜ் தனியாகப் பாடும் ‘கார்ப்ஸ்’ பாட்டை யாரும் இங்கே சொல்லவில்லையே? மெல்லிய உயர்ந்த குரலில், கிட்டத்தட்ட வேறு யாரோ பாடுவது போல இருக்கும். அது ஒன்றுக்காகவே சிடியை வைத்திருக்கிறேன்.

*

தொடங்கிவைத்தவன் மறுபடி வருகிறேன். லாரி சொன்னது எனக்கும் தெரியும், ‘எல்விஸ்’ பற்றி வாதாட மாட்டேன். ஆனால் கடைசித் துண்டுகளைத் தனியாக எடுத்துக் கேட்டால் நிற்காதுதான், ‘பீச் சீக்வென்ஸ்’ தொடங்கி வரிசையாக இரவில் ஹெட்போனில் விடுங்கள், பிறகு சொல்லுங்கள். புதிதாகக் கேட்பவர்கள் மூன்றாவது பாட்டில் ஆரம்பிக்கலாம். ‘யுவர் ப்ளூ ரூம்’ வெளிவந்து பதினான்கு வருடம் கழித்து, 2009இல் சிகாகோவில்தான் முதன்முறையாக மேடை ஏறியது. அந்த இரவு அரங்கில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவசியம் எழுதுங்கள்.