அரிசி கொடுத்து சிமெண்ட் வாங்கிய ஒப்பந்தம்: எங்கே இடறியது?

தட்டோன் செல்வி:
வணக்கம். 1955இல் பர்மா (இன்றைய மியான்மர்) பிரதமர் ஊ நூவின் அரசு சோவியத் நாட்டோடு செய்த பண்டமாற்று பற்றிச் சங்க நூலகத்தில் பேச இருக்கிறேன். எந்த அணியிலும் சேராத பர்மா அரிசி விற்க அந்தப் பக்கம் போனது ஏன்? ரங்கூன் துறைமுகத்தில் சிமெண்ட் கல்லாகிப் போனது எப்படி?

பசுண்டவுங் ராமையா:
தங்கச்சி, கொள்கையை விட்டுக் கிடங்கைப் பாருங்கள். கொரியப் போர் முடிந்ததும் அரிசி விலை சரிந்தது. ஏற்றுமதி முழுக்க அரசு வாரியத்தின் கையில். விலைக்காகப் பிடித்து வைத்ததில் அரிசி தேங்கி வண்டு விழுந்தது. 1954இல் அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தின்படி தன் உபரி தானியத்தை டாலர் கேட்காமல் வாங்கும் நாட்டின் நாணயத்துக்கே கொடுக்கத் தொடங்கியதில் நம் வாடிக்கையும் ஆட்டம் கண்டது. அப்போதுதான் மாஸ்கோ ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு லட்சம் டன் எடுப்பதாகச் சொன்னது.

சிக்கல் கணக்கில்தான். பணம் கைமாறாது; அரிசி கப்பலேறினால் பர்மா பேரில் வரவு. அந்த வரவுக்கு சோவியத் சரக்குதான் எடுக்க முடியும், இந்தியத் துணி வாங்க முடியாது. அரிசி அறுவடை முடிந்த கையோடு போய்விடும். இயந்திரமோ ஆர்டர் கொடுத்து வந்துசேர ஆண்டுக்கணக்காகும். உடனே கிடைத்தது சிமெண்ட். தேவைக்கு மேல் அதை எடுத்தார்கள்.

மோல்மேன் மேஸ்திரி:
1956இல் அது கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, கிடங்கில் இடமில்லை, மழையும் பிடித்துக்கொண்டது. காகிதப் பை நேரே நனைய வேண்டியதில்லை, காற்றின் ஈரமே போதும். தரையிலிருந்து அரையடி உயர மரச்சட்டம், சுவரிலிருந்து ஓரடி இடைவெளி, பத்துப் பைக்கு மேல் அடுக்கக் கூடாது. மீறினால் அடிப்பை அழுந்தியே கெட்டியாகும். ஒழுங்காக வைத்தாலும் மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலு போய்விடும். விரலால் நசுக்கி உதிராத கட்டி இருந்தால் தூணுக்கும் தளத்துக்கும் அது ஆகாது.

தட்டோன் செல்வி:
நன்றி அண்ணே. அவ்வளவு அரிசியையும் ரஷ்யர்களே சாப்பிட்டார்களா?

பசுண்டவுங் ராமையா:
இல்லை. 1955இல் பர்மா அரிசி சோவியத் ஏற்பாட்டில் வடக்கு வியட்நாமுக்குப் போனது. நாம் விற்கும் ஆசியச் சந்தையிலேயே நம் அரிசி வேறு கை மாறி இறங்கினால் விலை உடையும். ஆகவே இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் மறுவிற்பனைத் தடை, மாதவாரிச் சரக்கு அட்டவணை, நிலுவைக்கு ஓர் உச்சவரம்பு, அதைத் தாண்டியதை பவுண்டில் தீர்க்கும் விதி, இந்த நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசி விதி இல்லையென்றால் மற்ற மூன்றையும் எதிராளி மதிக்க மாட்டான்.

ரங்கூனில் உள்ள இன்யா ஏரி ஓட்டலும் தொழில்நுட்பக் கல்லூரியும் சோவியத் உதவியில் எழுந்தவை. அது தனிக் கணக்கு, இதோடு சேர்த்துவிடாதீர்கள்.