இலங்கையில் பிரதேச சபைக்கு எலெக்ஷன் கேட்கிறவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? கண்டதை உங்கள் புனைபெயரில் எழுதுங்கள்

கச்சேரி வாசல்

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாள், பகல் 11.45. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், மனுக்களை ஏற்கும் தெரிவத்தாட்சி அலுவலரின் மேசையில் ஒரு சுயேச்சைக் குழுவின் மனு விரிந்து கிடக்கிறது. அலுவலர் பெயர்களின் மேல் விரலை வைத்து எண்ணிக்கொண்டே வருகிறார். இரண்டாவது பட்டியல் முடிந்ததும் திரும்ப மேலிருந்து எண்ணுகிறார். பெண் பெயர் ஒன்று குறைகிறது. வாசலில் ஆதரவாளர்கள் பட்டாசுக் கட்டோடு நிற்கிறார்கள். கால் மணித்தியாலத்துக்குள் ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, சம்மதக் கையெழுத்து வாங்கி, சத்தியம் செய்ய வைத்துக் கொண்டுவர முடியுமா? 12 மணிக்குக் கதவு மூடியது. பட்டாசு வந்த வேனிலேயே திரும்பிப் போனது.

இந்தக் காட்சி ஒவ்வொரு தேர்தலிலும் எங்காவது நடக்கிறது. காரணம் ஒன்றுதான்: வட்டாரத்தில் வென்றும், வாக்கு விகிதப்படி பட்டியலிலிருந்தும் உறுப்பினர்கள் வருகிற கலப்பு முறையில் மனு இரண்டு பாகம் என்பதை மறந்துவிடுகிறார்கள். முதல் பட்டியல் வட்டாரங்களுக்கு, இரண்டாவது விகிதாசாரத்துக்கு. முதலாவதில் 10% பெண்கள் போதும், இரண்டாவதில் 50% வேண்டும். வட்டாரத்துக்கு ஆள் பிடிக்கவே எல்லா நேரமும் போய்விடும். இரண்டாவது பட்டியலைக் கடைசி இரவில் சொந்தக்காரர் பெயரைப் போட்டு நிரப்புவார்கள். சதவீதத்தை நீங்களே கணக்குப் போட வேண்டாம். ஒவ்வொரு சபைக்கும் எத்தனை பெயர், அதில் எத்தனை பெண்கள், எத்தனை இளைஞர்கள் என்று தேர்தல் அறிவித்தலிலேயே இருக்கும். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டி வைத்து ஆள் சேருங்கள்.

கட்டுப்பணம், அதாவது வேட்பாளருக்காகக் கட்டும் வைப்புத்தொகை, கட்சிக்கு ஆளுக்கு 1,500 ரூபாய், சுயேச்சைக்கு ஆளுக்கு 5,000. 25 பெயர் கொண்ட மனு என்றால் கட்சிக்கு 37,500, சுயேச்சைக்கு 1,25,000. இந்தக் காசு மனுவோடு கடைசி நிமிடத்தில் கட்டுகிற காசு அல்ல. 2025இல் மனு ஏற்பது மார்ச் 20 நண்பகல் வரை, கட்டுப்பணம் மார்ச் 19 நண்பகலோடு சரி. அந்த ஒரு நாள் வித்தியாசத்தில் தவறியவர்களும் உண்டு.

லிந்துலை பெரட்டு

அண்ணே, பெண்கள் கணக்குல தவறுறது 2018 கதை. இப்ப கட்சிக்காரங்க அதைப் பழகிட்டாங்க. 2025ல ஆட்டம் காட்டுனது பிறப்புப் பத்திரம். அதை விட்டுட்டீங்க.

இளைஞர் பங்கு 25% வந்தப்பொறவு, 35 வயசுக்குக் கீழ்ப்பட்ட ஒவ்வொருத்தருக்கும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோட உறுதிப்படுத்தின பிரதி வைக்கணும், இல்லாட்டி பிறந்த திகதியைச் சொல்லி அவரே கையெழுத்துப் போட்ட சத்தியக்கடதாசி வைக்கணும். வெறும் போட்டோ கொப்பியைக் கிளிப் போட்டுக் கொண்டுபோனவங்க எத்தனை பேர்! ஆள் 22 வயசுன்னு முகத்தைப் பார்த்தாலே தெரியுது, ஆனா மேசையில முகம் செல்லாது, சீல்தான் செல்லும். இளைஞர்ல ஒரு பேர் கழிஞ்சு எண்ணிக்கை குறைஞ்சா மத்த எல்லாருடைய தலையும் சேர்ந்து உருளும். அந்த வருசம் இது நீதிமன்றம் வரைக்கும் போய், நிராகரிச்ச மனுக்கள் சிலதை ஏத்துக்கச் சொல்லி உத்தரவும் வந்தது. அதை நம்பி அடுத்த தடவையும் போட்டோ கொப்பி கொண்டுபோகாதீங்க.

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதுல இன்னொரு சிக்கல். பத்திரத்துல ஒரு பேர், அடையாள அட்டையில ஒரு பேர். தகப்பன் பேரை ஆபீசுல எழுதினவர் காதுல விழுந்த மாதிரி எழுதியிருப்பார். மேசையில யாராவது இதைக் கிளப்புனா பதில் சொல்ல ஆள் வேணும். பட்டியல்ல பேரைச் சேர்க்கிற அன்னைக்கே ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. பிரதி எடுக்க ஊருக்கே வரணும்னு இல்ல. கொழும்புல வேலை செய்ற பிள்ளை அங்க உள்ள பிரதேச செயலகத்துலயே எடுக்கலாம்.

கையெழுத்துகளையும் பாருங்க. கட்சிச் செயலாளர் கையெழுத்து, சுயேச்சைன்னா குழுத் தலைவர் கையெழுத்து, அதை ஜேபியோ (சமாதான நீதவான்) நொத்தாரிசோ அத்தாட்சிப்படுத்தணும். ஒவ்வொரு வேட்பாளரும் சம்மதம் போடணும், தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன்னு அரசியலமைப்பு 7ஆவது அட்டவணையில உள்ள சத்தியத்தைச் செய்யணும். ஜேபி சீலை மறந்துட்டு வந்தாருன்னு ஒரு கூட்டமே கச்சேரி படியில உக்காந்திருந்ததை நேர்ல பார்த்தவங்களுக்குத் தெரியும்.

கச்சேரி வாசல்

தம்பி, பெண்கள் கணக்கு இன்னும் தவறுகிறது. பழகியவர்கள் பெரிய கட்சிகள். சுயேச்சைக் குழு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தானே பிறக்கிறது?

இன்னொன்று. 12 மணியோடு வேலை முடிந்தது என்று சோறு சாப்பிடப் போய்விடாதீர்கள். 12 முதல் 1.30 வரை ஆட்சேப நேரம். எதிர்த்தரப்பு உங்கள் மனுவைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது பதில் சொல்ல உங்கள் ஆள் அங்கே இருக்க வேண்டும்.

வட்டாரக் கணக்கு

மனு போனது வந்தது இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு வேட்பாளரின் வீட்டு முற்றத்தில் கேட்ட கேள்வியைச் சொல்கிறேன்: "12 வட்டாரத்துல 10 நம்ம கையில. அப்ப ஏன் தவிசாளர் நம்ம ஆள் இல்லைங்கிறாங்க?" தவிசாளர் என்றால் சபைத் தலைவர். கேட்டவர் அந்தக் கட்சியின் அமைப்பாளர். மாலை போட வந்தவர்கள் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

இலகுவான எண்களில் பார்ப்போம். சபையில் 20 இடம்: வட்டாரத்துக்கு 12, விகிதாசாரப் பட்டியலுக்கு 8. செல்லுபடியான வாக்கு 10,000. ஓர் இடத்துக்கு 500 வாக்கு. முதல் கட்சிக்கு 4,600: 9 இடம், மிச்சம் 100. இரண்டாவதுக்கு 2,900: 5 இடம், மிச்சம் 400. மூன்றாவதுக்கு 1,700: 3 இடம், மிச்சம் 200. சுயேச்சைக்கு 800: 1 இடம், மிச்சம் 300. கூட்டினால் 18. பாக்கி இரண்டும் மிச்சம் அதிகமுள்ள இரண்டாவது கட்சிக்கும் சுயேச்சைக்கும் போகும். ஆக 9, 6, 3, 2.

முதல் கட்சிக்கு உரியது 9, வென்ற வட்டாரமோ 10. வென்றதைப் பறிக்க முடியாது. அதனால் சபை 21 ஆக வீங்கும். அந்தக் கட்சிக்குப் பட்டியலிலிருந்து ஒருவரும் வரமாட்டார். பெரும்பான்மைக்கு 11 வேண்டும், கையில் 10. முதல் அமர்வில் உள்ளூராட்சி ஆணையாளர் முன்னால் வாக்கெடுப்பு. மற்ற மூன்று தரப்பும் கைகோத்தால் தவிசாளர் கதிரை அந்தப் பக்கம். வாக்கெடுப்பு இரகசியமா பகிரங்கமா என்பதையும் அங்கேயே உறுப்பினர்கள் தீர்மானிப்பார்கள். பேரம் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே இல்லை, கட்சியும் சின்னமும் மட்டும்தான் என்பதைப் பெரியவர்களுக்கு வீடு வீடாகச் சொல்லுங்கள். ஒரு புள்ளடி (பெருக்கல் குறி), ஒரு சின்னத்துக்கு. தன் ஆளின் பெயரை அன்போடு எழுதி வைத்த சீட்டுகள் கழிக்கப்படுகின்றன. இரட்டை அங்கத்தவர் வட்டாரத்திலும் புள்ளடி ஒன்றுதான். கூடுதல் வாக்கு எடுத்த தரப்புக்கே இரண்டு இடமும் போகும். "எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று போடுங்க" என்று பிரசாரம் செய்கிறவர் தன் வாக்கைத் தானே கெடுக்கிறார்.

பட்டியலில் முதல் பெயராகப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தோசப்படவும் வேண்டாம். வரிசைக்கு மதிப்பில்லை. கிடைத்த இடத்துக்கு யார் என்பதைச் செயலாளர் தெரிவு செய்வார். வட்டாரத்தில் தோற்றவரையும் அனுப்பலாம்.

செலவுப் புத்தகம்

எல்லாரும் தேர்தல் வரைக்கும் சொல்கிறீர்கள். அதற்குப் பிறகு ஒரு வேலை இருக்கிறது. தேர்தல் கண்காணிக்கிற ஒருவர் சொன்னது: விகிதாசாரப் பட்டியலில் பெயர் கொடுத்த ஒரு தங்கச்சி, கொழுந்து பறிக்கிறவர், மலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வீட்டில் தேர்தல் செலவுக் கணக்குக் கேட்டுக் கடிதம். "நான் ஒரு சதமும் செலவழிக்கல்லையே, எதுக்கு என்னைக் கேக்கிறாங்க?"

கேட்பார்கள். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, வேட்பாளர் ஒவ்வொருவரும் பெறுபேறு வெளியாகி 21 நாட்களுக்குள் செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். செலவு இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வென்றவர், தோற்றவர், பெயருக்கு நின்றவர் என்ற பேதமில்லை. பெயரைக் கடனாகக் கொடுக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. மனு நிரப்பக் கையெழுத்து வாங்கியவர் அதற்குப் பிறகு போன் எடுக்கமாட்டார்.

கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன். ஒரு சிஆர் கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு) வாங்குங்கள். இடப்பக்கம் வரவு: யார் கொடுத்தது, காசா பொருளா, எந்தத் திகதி. வலப்பக்கம் செலவு: துண்டுப்பிரசுரம், ஒலிபெருக்கி, முச்சக்கரவண்டி வாடகை, பேஸ்புக் விளம்பரம். மாமா தன் வேனைச் சும்மா கொடுத்தாலும் அதற்கு ஒரு பெறுமதி உண்டு, எழுதுங்கள். ஒரு வாக்காளருக்கு இவ்வளவு ரூபாய் என்று சபைவாரியாக வர்த்தமானியில் உச்சவரம்பு வரும். அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும். பில் இல்லாத கடையில் அச்சடிக்காதீர்கள். துண்டுப்பிரசுரத்தில் அச்சகத்தின் பெயரும் முகவரியும், வெளியிடுபவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். சுயேச்சைக் குழுவுக்குச் சின்னம் மனு ஏற்றபிறகுதான் கிடைக்கும், அதற்கு முன்னால் அச்சுக்குக் கொடுத்தால் காசு வீண். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது வாக்குக்காக உபசரித்ததாகிவிடும். அது செலவுக் கணக்கையும் தாண்டி வழக்குக்கு இழுக்கும். உங்கள் சொத்தையும் கடனையும் காட்டுகிற சொத்து பொறுப்பு விபரம் வேறு கணக்கு, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

டிக்கோயா மழை

செலவுப் புத்தகம் ஐயா, கொப்பி போடுறது நல்லதுதான். ஆனா நம்ம தோட்டத்துல வேட்பாளர் விழுகிறது கொப்பியில இல்ல, வாக்குறுதியில.

ஒரு லயத்து முற்றம், தோட்டத் தொழிலாளர்களோட வரிசை வீடு. இளம் வேட்பாளர் ஒருத்தர் பேசி முடிச்சதும் பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டாங்க: "கூரைத் தகரம் போட்டுத் தருவியா, இல்ல போனவன் மாதிரி சொல்லிட்டுப் போயிருவியா?" அவர் "கட்டாயம்" என்றார். முடிஞ்சது கதை. லயத்துக் கூரை பிரதேச சபையின் வேலையே இல்லை. காணி அரசாங்கத்துடையது, 1992லிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்துறது கம்பெனி, லயம் அவங்க பொறுப்பு.

1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்தது. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள்ள சபைக் காசைச் செலவழிக்க முடியாதுன்னு வருசக்கணக்காத் தட்டிக் கழிச்சாங்க. தோட்டத்து வாக்கு வேணும், தோட்டத்து ரோடு வேண்டாம்! 2018ல அதைத் திருத்தினாங்க. இப்ப சபை தோட்டத்துக்குள்ள வேலை செய்யலாம், ஆனா கம்பெனியோட கலந்து பேசித்தான். நடைமுறையில துரையிடம் (தோட்ட மனேஜர்) எழுத்துல சம்மதம் இல்லாம ஒரு கொங்கிரீட் கலவையும் உள்ள போகாது. ஆக என்ன சொல்லலாம்? தெருவிளக்கு, குப்பை, நூலகம், மயானப் பாதை, தண்ணி, தோட்டத்துக்கு வெளியே உள்ள சபை ரோடு. உள் ரோடு சொன்னா "துரையோட கடிதம் வாங்கித்தான்" என்கிற வார்த்தையைச் சேர்த்துச் சொல்லுங்க. கொஞ்சம் கைதட்டல் குறையும், பரவாயில்ல.

2018க்கு முன்னால நுவரெலியா, அம்பகமுவ ரெண்டு பிரதேச சபையும் தலா 2 லட்சத்துக்கு மேல சனத்தைச் சுமந்துகிட்டு இருந்தது. இப்ப ஒவ்வொண்ணும் மூணாப் பிரிஞ்சு நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட். வட்டாரம் சின்னதாச்சு, மலை சின்னதாகல்லையே. ஒரு டிவிஷன்லருந்து அடுத்த டிவிஷனுக்கு ஏறி இறங்கவே அரை நாள். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல ஆள் பிடிக்கப் போகாதீங்க, கங்காணி முகத்தைச் சுளிப்பார், சனமும் அவசரத்துல இருக்கும். அந்திக்கு மேல லயத்துல போய்ப் பேசுங்க. மழை மாசத்துல ஒலிபெருக்கி வாடகை வீண்.

வாக்காளர் அட்டை தோட்ட ஆபீசுக்கு வந்து மத்த தபாலோடதான் லயத்துக்கு வரும், சில நேரம் வராது. அட்டை இல்லாட்டியும் வாக்காளர் இடாப்புல (பட்டியல்) பேரும் அடையாள அட்டையும் இருந்தா வாக்குப் போடலாம்னு ஒவ்வொரு வாசல்லயும் சொல்லுங்க. அடையாள அட்டை இல்லாதவங்களுக்குத் தற்காலிக அட்டை ஜீஎஸ் (கிராம சேவகர்) மூலமோ தோட்ட ஆபீஸ் மூலமோ எடுக்கலாம், அதுக்குக் கடைசித் திகதி உண்டு. கொழும்புல கடைகள்ல நிக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளத்தோட லீவு இருக்கு: 40 கிலோமீட்டருக்குள்ள அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதுக்கு மேல ரெண்டு நாள். ஹட்டன் பிள்ளைக்கு ஒன்றரை, பதுளைப் பிள்ளைக்கு ரெண்டு. முதலாளிகிட்ட எழுத்துல கேக்கச் சொல்லுங்க.

லிந்துலை பெரட்டு

மழை அக்கா, இடாப்பு பத்தி ஒண்ணு. வேட்பாளரோட பேரே அந்தச் சபைக்குள்ள இருக்கணும். கொழும்பு முகவரியில பதிஞ்சவர் ஊர்ல நிக்க முடியாது. சபைகிட்ட கொந்தராத்து வச்சிருக்கிறவரும் நிக்க முடியாது. ஆள் தேடுறப்பவே இந்த ரெண்டையும் கேட்டுட்டா பாதித் தலைவலி போயிரும்.

வட்டாரக் கணக்கு

வாக்கெடுப்பையும் எண்ணுவதையும் பார்க்க நம் தரப்பு அனுப்புகிற முகவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. வாக்கெடுப்பு காலை 7 முதல் மாலை 4 வரை. மற்ற நிலையங்களின் பெட்டிகள் வட்டாரத்தின் எண்ணும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தபிறகுதான் எண்ணுவார்கள். மலைப் பாதையில் இருட்டிவிடும். காலையில் இருந்த பிள்ளையையே இரவு வரை உட்கார வைத்தால் எட்டு மணிக்குத் தூங்கிவிழும். எண்ணுவதற்கு வேறொருவருக்குத் தனியாக நியமனக் கடிதம் கொடுங்கள். கழிக்கப்படும் சீட்டுகளை உற்றுப் பார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும். 20 வாக்கில் வட்டாரம் மாறுகிற இடங்களில் அந்தக் கட்டுத்தான் எல்லாம்.