முதுநகர் வீட்டுக் குழு

ஞாயிறு, மாலை 6:12

அம்மா: பாப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹீமோகுளோபின் 9.2தான். பாண்டியில் ஹாஸ்டல் மாடி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமா: எவ்வளவு இருக்கணும்?

சித்தி: பெண்பிள்ளைக்கு 12க்குக் குறையக் கூடாது அண்ணே. பாப்பா, வெளிச்சத்தில் நின்று கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

பாப்பா: (போட்டோ)

சித்தி: சிவந்திருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடக்கிறது. 18 வருஷமாக ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிகளுக்கு இமை பார்க்கிறேன். பொங்கலுக்கு நீ வந்தபோது உன்னைப் பார்க்கத் தோன்றவில்லையே எனக்கு. பயப்படாதே கண்ணு, சரிசெய்துவிடலாம்.

மாமா: தினமும் பீட்ரூட் ஜூஸ் குடிக்கச் சொல். ரத்தம் தானாக ஊறும்.

சித்தி: அந்தச் சிவப்பு வெறும் நிறம்தான் அண்ணே. இரும்புச்சத்து அதில் கொஞ்சம்தான். பாப்பா, ஒரு நாளைக்கு என்னென்ன சாப்பிடுகிறாய்? மறைக்காமல் எழுது.

பாப்பா: காலையில் இரண்டு இட்லி, டீ. மதியம் கொஞ்சம் சோறு. வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை கட்டாயம் வாங்கிச் சாப்பிடுகிறேன் சித்தி. சாப்பிட்டதும் ஒரு டீ. ராத்திரி இரண்டு முட்டை மட்டும். ராத்திரிக்குச் சோறு, சப்பாத்தி நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. எடை குறையட்டும் என்றுதான்.

அம்மா: இரண்டு மாதமாகவா? தினமும் போனில் சாப்பிட்டாயா என்று கேட்டேனே.

சித்தி: அக்கா, இப்போது அவளைத் திட்ட வேண்டாம். பாப்பா, இதைப் பொறுமையாகப் படி. உடம்புக்கு முதலில் எரிபொருள் வேண்டும். சோறும் சப்பாத்தியும் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் ஓடும். மூளை பெரும்பாலும் அதை நம்பித்தான் இருக்கிறது. சாப்பாட்டில் அது குறைந்தால் கல்லீரலில் இருக்கும் சேமிப்பு வெளியே வரும். அதுவும் ஒரு நாளுக்குமேல் தாங்காது. அப்புறம் உடம்பு புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். தசைக்கும் ரத்தத்துக்கும் போக வேண்டிய முட்டை அடுப்புக்குப் போய்விடுகிறது. கதவு செய்ய வாங்கிய தேக்கை விறகாக எரிக்கிற மாதிரி.

சித்தி: ஹீமோகுளோபினே ஒரு புரதம்தான். அதில் இரும்பு உட்கார்ந்துகொண்டு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். இரண்டில் எது குறைந்தாலும் மூச்சு வாங்கும்.

தம்பி: அக்காதான் கீரை சாப்பிடுகிறாளே சித்தி?

சித்தி: அங்கேதான் அந்த டீ வருகிறது. கீரை, பருப்பில் இருக்கும் இரும்பைக் குடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. டீயில் இருக்கும் டானின் அந்தக் கொஞ்சத்தையும் கட்டிப்போட்டுவிடும். நீ கீரை சாப்பிட்டும் அதிலிருந்த இரும்பு ரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். கீரைமேல் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள், இல்லையென்றால் ஒரு நெல்லிக்காய் கடி. வைட்டமின் சி கூடப் போனால் அதே கீரையிலிருந்து இரும்பு நன்றாக ஏறும். மீன், ஈரலில் இருப்பது வேறு வகை இரும்பு. அதற்கு இவ்வளவு தடை கிடையாது.

மாமா: பசங்களுக்கு இந்தப் பிரச்சினை அதிகம் வருவதில்லையே?

சித்தி: மாதாமாதம் ரத்தம் போகிறதே அண்ணே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 கணக்குப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்பு வேண்டும், பெண்ணுக்கு 29. ஆனால் நம் வீடுகளில் மீன் துண்டு யார் தட்டில் முதலில் விழுகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

மாமா: உண்மைதான். உங்கள் அண்ணியும் அசதி அசதி என்கிறாள். சாப்பிட்ட கையோடு அவளுக்கும் டீதான். நாளைக்கே அழைத்துப் போய் ரத்தம் பார்க்கிறேன்.

பாப்பா: டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்தார். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பாலோடு போட்டேன்.

சித்தி: ஐயோ, பால் வேண்டாம். கால்சியமும் இரும்பைத் தடுக்கும். பிரட்டினால் சாப்பிட்ட பிறகு எலுமிச்சைத் தண்ணீரோடு போடு. மலம் கறுப்பாகப் போகும், பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதே. மாதவிடாய் அதிகமாகப் போகிறதா, வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்றும் டாக்டரிடம் கேட்டுவிடு.

அம்மா: பத்து நாளில் ஏறிவிடுமா?

சித்தி: ஒரு சிவப்பணுவின் ஆயுசே ஏறக்குறைய 120 நாள் அக்கா. புதிதாகப் பிறந்துதான் நிரம்ப வேண்டும். ஒரு மாதத்தில் கொஞ்சம் ஏறும். ஏறிய பிறகும் டாக்டர் சொல்லும்வரை விடக் கூடாது, உடம்பில் இருப்பும் சேர வேண்டும்.

மாமா: விடியற்காலையில் துறைமுகத்தில் மத்தி வாங்கிக் கொடுக்கிறேன். குழம்பு வைத்துத் தாங்க, ஏழரை பஸ்ஸில் பாண்டிக்கு நானே கொண்டுபோகிறேன்.

சித்தி: நல்லது அண்ணே. அக்கா, கீரையும் வதக்கி வையுங்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க வேண்டாம். கீரையில் இருக்கும் கரோட்டின், அதுதான் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து, எண்ணெய் கூட இருந்தால்தான் உடம்பில் சேரும்.

பாப்பா: மாமா, நான் ஹாஸ்டல் கேட்டுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் மாடி ஏற வேண்டாம்.

தம்பி: ஆயா கேட்கச் சொல்கிறது: "ராத்திரி சோறு தின்னியாடி?"

பாப்பா: மெஸ்ஸில்தான் இருக்கிறேன் ஆயா. சோறு, ரசம், முட்டைப் பொரியல்.