குழந்தை நரம்பியலை இணையவழியில் கற்க ஒரு ஏற்பாடு: உதவி தேவை

வணக்கம். நான் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் குழந்தை மருத்துவர். எங்கள் பக்கம் குழந்தை நரம்பியல் நிபுணர் இல்லை. வலிப்போடு வரும் குழந்தைகளை முதலில் பார்ப்பது நாங்கள்தான்.

அதிகம் கவலை தருவது கைக்குழந்தைகளுக்கு வரும் இன்ஃபன்டைல் ஸ்பாசம் என்ற வலிப்பு வகை. தூங்கி எழும்போது தலை டக்கென்று குனியும், கைகள் விரியும், அடுக்கடுக்காக வரும். வீட்டில் வயிற்றுவலி என்று விட்டுவிடுவார்கள். சில நேரம் மருத்துவர்களும்தான். ஏ.சி.டி.எச். ஊசி, பிரெட்னிசலோன், விகாபட்ரின் என மருந்துகள் இருக்கின்றன. ஆனால் சீக்கிரம் தொடங்கினால்தான் குழந்தையின் வளர்ச்சிக்கு நல்லது.

எல்லோரும் மூன்று வருட டி.எம். என்ற உயர்சிறப்புப் படிப்பு படிக்கப் போக முடியாது. அதனால் எக்கோ முறையை யோசிக்கிறோம். 2003இல் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் நோய்க்காகத் தொடங்கியது. ஊர் மருத்துவர் தன் நோயாளியைப் பற்றி இணையவழிக் கூட்டத்தில் சொல்வார், நிபுணரோடு எல்லோரும் விவாதிப்பார்கள். அப்படிக் கற்றவர்களின் சிகிச்சைப் பலன் பல்கலைக்கழக கிளினிக்குக்கு இணையாக இருந்ததாக 2011இல் ஆய்வு வெளியானது. பதிவுசெய்த பாடங்களைவிட இதுவே பயன்படும் என்று நம்புகிறேன்.

இதை நடத்திய அனுபவம் யாருக்காவது உண்டா? ஓ.பி., நைட் டியூட்டிக்கு நடுவே எந்த நேரம் ஒத்துவந்தது? வலிப்பு வரும்போது பெற்றோர் எடுத்த வீடியோவுக்கு எப்படிச் சம்மதம் வாங்கினீர்கள், எங்கே சேமித்தீர்கள்? வாட்ஸ்அப்பில் போடுவது சரியில்லை. அப்புறம், இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) ரிப்போர்ட் மட்டும் போதாது, முழுப் பதிவையும் அனுப்ப என்ன வழி?

பதினைந்து நாளுக்கு ஒரு மணிநேரம் தரக்கூடிய குழந்தை நரம்பியல் நிபுணர்கள் இருந்தால் தயவுசெய்து இன்பாக்ஸில் சொல்லுங்கள்.