ஸ்பிட்ஃபயர் வாலில் என் கைரேகை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். சிங்கப்பூர் யீஷூனில் வீவக (அடுக்குமாடி) வீட்டுச் சாப்பாட்டு மேசையில் 1/72 அளவு ஸ்பிட்ஃபயர் போர்விமான பிளாஸ்டிக் மாடல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறேன். டியூப் பசையை விட்டு இப்போதுதான் டாமியா எக்ஸ்ட்ரா தின் என்ற, தண்ணீர் போன்ற பசைக்கு மாறினேன். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, இணைப்புக் கோட்டில் தூரிகை நுனியால் தொட்டால் போதும், திரவம் தானே விறுவிறுவென்று உள்ளே ஓடிவிடுகிறது. பார்க்கவே அழகு. ஆனால் நான் பிடித்திருந்த விரலுக்கு அடியிலும் ஓடிவிட்டது! விரலை எடுத்தால் வால் பக்கம் கட்டைவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருக்கிறது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் காட்டலாம், அவ்வளவு தெளிவு.

பதறிப்போய்த் துடைத்தேன், இன்னும் மோசம். இளகிய பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது என்று அப்புறம்தான் உறைத்தது. சரி, நேற்றிலிருந்து அப்படியே காயவிட்டிருக்கிறேன்.

600 எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதுமா, பள்ளத்தை நிரப்பப் புட்டி வைக்க வேண்டுமா? பக்கத்திலேயே பேனல் கோடுகள் (விமானத் தகடுகளின் இணைப்பைக் காட்டும் மெல்லிய பள்ளங்கள்), அவை அழிந்துவிடுமோ என்று பயம். அடுத்த முறை எப்படிப் பிடிப்பது? டேப் ஒட்டினால் அதன் ஓரத்திலும் பசை ஊறுகிறதே. விமானியின் கண்ணாடி மூடிக்கு வெள்ளைப் பசைதான், அதில் குழப்பமில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தும் வாடைக்கு மனைவி முறைக்கிறார், அதற்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள்.