அக்ரிலிக் ஷீட்டை ஸ்க்ரோல் சாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மேசை ரம்பம்) அறுக்கும்போது அறுத்த கோடு திரும்ப ஒட்டிக்கொள்கிறதா? உங்கள் அனுபவம் என்ன?

பெரம்பூரிலிருந்து:

வீட்டு வாசலில் மாட்டும் பெயர்ப் பலகைக்கு எழுத்து வெட்டித் தருவது என் பகுதிநேர வேலை. லேசரில் கொடுத்தால் அஞ்சு நிமிஷம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு பலகைக்காக டிசைன் ஃபைல் போட்டு, வரிசையில் நின்று, மினிமம் சார்ஜ் கொடுப்பதைவிட மொட்டை மாடி ஷெட்டில் நானே அறுத்துவிடுவது எனக்குச் சுலபம்.

புதிதாக ஆரம்பிக்கிற எல்லோரும் என்னிடம் கேட்பது ஒரே விஷயம்தான். 3 மி.மீ. ஷீட்டைப் போட்டு முழு வேகத்தில் தள்ளினால் பிளேடு முன்னால் போகப் போக, பின்னால் அறுத்த கோடு உருகி மூடிக்கொள்கிறது, சுற்றி வந்து முடித்தாலும் எழுத்து கழன்று வருவதில்லை. உடனே பிளேடு மொக்கை என்று புதுசு மாட்டுவார்கள், அதுவும் அதேதான் செய்யும். காரணம் சூடு. அக்ரிலிக் சுமார் 105 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். பிளேடின் நீளம் 13 செ.மீ., ஆனால் அது மேலும் கீழும் ஓடுவது ரெண்டு செ.மீ. அளவுக்குத்தான், அதனால் நடுவில் இருக்கிற கொஞ்சம் பற்களே திரும்பத் திரும்ப உரசிக் காய்கின்றன, மீதிப் பிளேடு சும்மா நிற்கிறது.

வேகத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்துவிடுங்கள். நெருக்கமான பொடிப் பல் வேண்டாம், தூள் அதில் அடைத்துக்கொண்டு சூட்டை இன்னும் ஏற்றும். ஒரு பல் விட்டு ஒரு பல் இருக்கிற ஸ்கிப் டூத் பிளேடு, 5 அல்லது 7ஆம் நம்பர் போதும். ஷீட்டின் மேல் இருக்கிற பேப்பரை உரிக்காதீர்கள், அதன் மேலேயே பேக்கிங் டேப்பும் ஒட்டுங்கள். டேப் இருந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகிறது, என் கையில் இதுதான் பெரிய வித்தியாசம் காட்டியது. அடியில் ஒரு துண்டு ப்ளைவுட் வைத்துச் சேர்த்து அறுத்தால் பிளேடில் வேறு இடம் வேலை செய்யும், கீழ் விளிம்பும் சில்லு பெயராது.

தமிழ் எழுத்துக்கு மட்டும் தனிப் பாடு உண்டு. ‘ண’, ‘லை’ மாதிரி சுழி உள்ளவற்றில் ஒவ்வொரு சுழிக்கும் துளை போட்டு, பிளேடின் ஒரு முனையைக் கழற்றி உள்ளே விட்டு, மறுபடி மாட்டித்தான் அறுக்க வேண்டும். முனையில் குறுக்கே சின்னக் கம்பி (‘பின்’) வைத்த பிளேடு என்றால் அந்தத் துளையே பெரிதாகிவிடும், பின் இல்லாத பிளேடுக்கு 2 மி.மீ. போதும். துளை போடும்போது அடியில் மரம் வைத்து, ட்ரில் பிட் வெளியே வருகிற கடைசி நொடியில் கையை இளக்குங்கள், ஷீட் வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் மெய்யெழுத்துப் புள்ளி! அவ்வளவு சின்ன வட்டத்தை விரலால் பிடித்து அறுப்பது ஆபத்து. நான் அக்ரிலிக் ராடு வாங்கி வெள்ளரிக்காய் மாதிரி வில்லை வில்லையாக நறுக்கிக்கொள்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து:

அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் முதலில் ஷீட் எது என்று பாருங்கள். காஸ்ட் (அச்சில் ஊற்றி வார்த்தது), எக்ஸ்ட்ரூடட் (உருக்கி அழுத்தித் தள்ளிச் செய்தது) என்று ரெண்டு வகை. எக்ஸ்ட்ரூடட் சீக்கிரம் இளகும், கோடு மூடிக்கொள்வதாகப் புலம்புகிறவர்கள் கையில் பாதி நேரம் அதுதான் இருக்கும். பாரிமுனையில் ஒரு கடையில் காஸ்ட் என்று சொல்லியே எனக்கு இதைக் கட்டிவிட்டார்கள். பேப்பரைப் பார்த்தால் தெரியாது, அறுத்தால் தெரிந்துவிடும்: காஸ்ட் என்றால் தூள் பொடியாக உதிரும், மற்றது நூல் நூலாகப் பிசுபிசுவென்று பிளேடில் சுற்றும். ஆனால் எக்ஸ்ட்ரூடட் சுத்த வீண் என்றும் சொல்லமாட்டேன், தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று செருகுகிற பெட்டி வேலைக்கு எனக்கு அதுதான் ஒத்துவருகிறது, காஸ்ட் ஷீட் ஒரு மூலையில் 3 மி.மீ. இருந்தால் இன்னொரு மூலையில் கொஞ்சம் குறையும்.

வேளச்சேரியிலிருந்து:

பிவிசி ஃபோம் ஷீட்டுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு இந்தியா மேப் வெட்டிக் கொடுத்தேன், குஜராத் கடற்கரை வளைவெல்லாம் அழகாக வந்தது. இதை லேசர் கடையில் வாங்கவே மாட்டேன் என்றார்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளுக்கும் கெடுதல், மெஷினும் துருப்பிடிக்கும். ரம்பத்தில் மெதுவாக அறுத்தால் எரிகிற அளவுக்குச் சூடு ஏறாது, மாஸ்க் போட்டுக்கொண்டால் சரி. ஒரு சந்தேகம்: அக்ரிலிக் ஷீட் மேல் ஒட்டியிருக்கிற பேப்பர் பல வருஷமாக வெயிலில் கிடந்து உரியவே மாட்டேன் என்கிறது, தின்னர் போடலாமா?

பெரம்பூரிலிருந்து:

தின்னர் வேண்டவே வேண்டாம் சார். அறுத்த விளிம்பில் ஏற்கனவே அழுத்தம் நிற்கும், அதில் தின்னர் பட்டால் கண்ணாடியில் விரிசல் விட்டது போல முடி முடியாகக் கோடு விழும், சில நேரம் மறுநாள்தான் தெரியும். மண்ணெண்ணெய் துணியில் நனைத்துப் பேப்பரின் மேல் ஊறவிட்டு உரியுங்கள், அப்புறம் சோப்புத் தண்ணீர். விளிம்பை மழமழப்பாக்க 400ஆம் நம்பரில் ஆரம்பித்து 1000 வரை வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்), தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் போதும்.