வெளிச்சுவரில் ஸ்மார்ட் பிளக்: மோட்டாருக்கு எந்த கான்டாக்டர், மழைக்கு எந்தப் பெட்டி?

வணக்கம் நண்பர்களே. வாசல் விளக்கு, தோட்டத்து எல்இடி விளக்குகள், 1 ஹெச்பி மோனோபிளாக் தண்ணீர் மோட்டார் மூன்றையும் வைஃபை ஸ்மார்ட் பிளக் மூலம் போனிலிருந்து இயக்க வேண்டும். பிளக்குகள் வெளிச்சுவரில், சன்ஷேடுக்குக் கீழே வரும். வயரிங் தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

விளக்குகள் மொத்தமே 120 வாட்ஸ். 10 ஆம்பியர் பிளக் தாராளம்.

மோட்டார்தான் கவலை. ஓடும்போது 6, 7 ஆம்பியர். கிளம்பும் நொடியில் அதைப்போல 5, 6 மடங்கு இழுக்கும். பிளக்கில் போட்டிருக்கும் 16 ஆம்பியர் ஹீட்டர் போன்ற லோடுக்கான கணக்கு. நேரடியாக மாட்டினால் பிளக்கின் உள்ளே இருக்கும் ரிலே (சிறிய மின்சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் பிளக் 230 வோல்ட் காயில் (மின்சுருள்) உள்ள கான்டாக்டரை (பெரிய கரண்டைத் தாங்கும் மின்காந்த சுவிட்ச்) மட்டும் இயக்கும். மோட்டார் கரண்ட் கான்டாக்டர் வழியே போகும். ஏசி-3 (மோட்டார் லோடுக்கான) ரேட்டிங்கில் 9 ஆம்பியர் போதுமா, 12 போடலாமா? ஓவர்லோடு ரிலேயை (அதிக கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்துவது) எந்த அளவில் வைப்பது?

அடுத்தது பெட்டி. இரும்புப் பெட்டி வைஃபை சிக்னலை மறைக்கும் என்பதால் ஐபி65 (தூசியும் நீர்த்தாரையும் புகாத தரம்) பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பெட்டி வாங்க எண்ணம். கேபிள் கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடித்து நீர் புகாமல் அடைப்பது) வைத்து அடிப்பக்கமாகத்தான் ஒயர் நுழையும். மேற்கு வெயிலில் உள்ளே சூடு ஏறுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

வெளி லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டு. கரண்ட் போய் வந்தால் மோட்டார் தானாக ஓடாதபடி பிளக்கை ‘ஆஃப்’ நிலையில் திரும்பும்படி வைத்தாயிற்று. தொட்டியில் தண்ணீர் இல்லாமல் ஓடுவதைத் தடுக்க, இதே கான்டாக்டர் காயில் லைனில் ஃப்ளோட் சுவிட்சைச் (நீர்மட்டத்தைப் பொறுத்து இயங்கும் மிதவை சுவிட்ச்) சேர்க்கலாமா? சேர்த்தவர்கள் இணைப்புப் படம் போட்டால் பெரிய உதவி.